ஒன்பதாம் காற்று

காற்று அடிப்பதற்கு முன்பே ஆட்டோபைலட் அசைந்திருந்தது.

திரையில் இரண்டு கோடுகள். சிவப்பு, காற்று. நீலம், அந்தக் காற்றுக்கு எதிராக ஆட்டோபைலட் விமானத்தின் வால் தகட்டை அசைத்த அளவு. சிவப்பு எழும்பிய பிறகுதான் நீலம் எழும்ப வேண்டும். விமானம் குலுங்க வேண்டும், எவ்வளவு குலுங்கியது என்று ஆட்டோபைலட் பார்க்க வேண்டும், பிறகு வாலைத் திருப்ப வேண்டும். விழாத அடி யாருக்கும் வலிக்காது. ஆனால் அவள் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நீலம் முன்னால் போயிருந்தது. ஆறு பிரேம். நொடியில் பத்தில் ஒரு பங்கு.

முதலில் அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அவள் எழுதிய நிரலில் காற்றின் கணக்கும், ஒவ்வொரு ஓட்டத்திலும் கற்றுக்கொள்ளும் ஆட்டோபைலட்டின் கணக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. வரிசை மாறிப்போனால் ஒரு பிரேம் முன்பின் ஆகலாம். ஒன்றுதான் ஆகும். ஆறு ஆகாது. பயிற்சிக்காக அவள் செய்துவைத்த மற்ற எட்டுக் காற்றுகளின் பதிவுகளையும் திறந்து பார்த்தாள். எட்டிலும் நீலம் ஒழுங்காகப் பின்னால் வந்தது, எஜமானுக்குப் பின்னால் நடக்கும் நாயைப் போல. ஒன்பதில் மட்டும்தான் இப்படி. அதுவும் ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவில் ஒரு பிரேம், போன மாதம் மூன்று, நேற்று ஆறு.

விமானிகள் பயிலும் சிமுலேட்டர் கட்டடத்தில் ஜன்னல்கள் கிடையாது. மதியம் இரண்டரை மணி என்பதைச் சுவர்க் கடிகாரம் சொன்னால்தான் உண்டு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இரண்டு மாடி உயரக் கூடத்தின் நடுவில், ஆறு எண்ணெய்க் கால்களின் மேல் அந்த வெள்ளைப் பெட்டி நின்றிருந்தது. உள்ளே விமானத்தின் முன்னறை அப்படியே இருக்கும், இருக்கைகள், பொத்தான்கள், மழை வழியும் கண்ணாடிகள் என்று. ஓட்டம் இல்லாத நேரத்திலும் கால்களுக்குள் எண்ணெய் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். அந்த வாசனை அவள் தலைமுடியில் தங்கி வீடு வரைக்கும் வரும்.

எட்டுக் காற்றுகளும் அவள் பெற்ற பிள்ளைகள். பகடை உருட்டுவது போல எண்களை உருட்டி, அவற்றின் கூர்முனைகளை மழித்து, மலையைத் தாண்டி வரும் காற்று, கடல்மேல் வரும் காற்று, இடிமேகத்தின் அடிவயிற்றில் சுழலும் காற்று என்று ஒவ்வொன்றாக வளர்த்தாள். ஒன்பதாவது அப்படி இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் மழையில் விழுந்த ஒரு விமானத்தின் பதிவுப்பெட்டியிலிருந்து எடுத்தது. பெட்டி பாதி வெந்து கிடைத்தது. விமானம் எப்படி ஆடியது என்ற பதிவு தப்பியிருந்தது. விமானிகள் கைகளால் என்ன செய்தார்கள் என்ற பதிவு தப்பவில்லை. அப்படி வரும்போது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்த காரணங்களையெல்லாம் கழித்துவிட்டு, மீதி நிற்கும் ஆட்டத்தைக் காற்றின் தலையில் போட்டுவிடுவார்கள். விமானிகளின் கைகள் அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டு அவளும் கழித்தாள். மீதி வந்ததற்கு ஒன்பது என்று எண் கொடுத்தாள்.

அந்த விமானத்தின் கேப்டன் அவளுடைய அப்பா.

கழித்து முடித்த அன்று அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. காற்று கொன்ற அப்பாவின் படத்தை வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிவைக்க முடியும்.

கதவு திறந்தது. கால்களைப் பராமரிக்கிறவர், எல்லோருக்கும் ஆயில் அண்ணன், கையைத் துணியில் துடைத்தபடி உள்ளே எட்டிப்பார்த்தார்.

"மேடம், மூணாம் நம்பர் கால்ல போல்ட் மறுபடியும் வெட்டிக்கிச்சு. மாத்திட்டேன்."

"எப்ப வெட்டிச்சு?"

"நேத்து, ஒம்போது ஓட்டினதுக்கு அப்புறம். மத்த காத்துல என் மெஷின் ஆடும். இதுல மட்டும் அடி வாங்குது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல."

"பெரிய காத்து அண்ணா அது. அப்படித்தான் இருக்கும்."

"பெரிய காத்துன்னா நாலு பக்கமும் வரணும். இது ஒரே பக்கத்துலேர்ந்து வருது." அவர் தன் இடது தோளைத் தட்டிக் காட்டினார். "இங்கேர்ந்து. எண்ணெய் ஊத்துறவன் சொல்றான்னு விட்டுடாதீங்க."

அவர் போன பிறகு அவள் சிவப்புக் கோட்டை மட்டும் எடுத்துப் பக்கவாட்டில் விரித்தாள். அவர் சொன்னது சரி. காற்றின் ஒவ்வொரு பெரிய வீச்சும் இடமிருந்து வலமாக இருந்தது. வலது இருக்கையில் உட்காரும் துணை விமானியை நோக்கி.

மூன்று மணிக்குத் தம்பி வந்தான்.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் இரண்டு பட்டை. இருபத்து நான்கு வயது. துணை விமானி உரிமத்துக்கான தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தான். நாளைக் காலை மூன்றாவது. அதிலும் தோற்றால் அந்தப் பட்டைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

"சாப்டியா?" என்றாள்.

"சாப்பிட்டா உன் காத்து வெளில எடுத்துடும். வெறும் வயிறு."

"இன்னைக்கு ஆறாவதை ஓட்டிக்கோ. ஒம்போது வேண்டாம்."

"நாளைக்கு ஒம்போதுதான் குடுப்பாங்க. ஆறை ஓட்டிட்டுப் போய் என்ன பண்ண?"

"ஆட்டோபைலட்ல ஒரு தப்பு தெரியுதுடா. பாத்துட்டு இருக்கேன்."

"என் வாழ்க்கைல தப்பு இருந்தா மட்டும் எல்லாரும் உடனே பாத்துடறீங்க." அவன் சிரித்தான். அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து விரலில் சுழற்றினான். "போன தடவை ஏன் ஃபெயில் பண்ணாங்கன்னு பேப்பர்ல எழுதியிருந்தாங்கக்கா. 'ஆபத்து நேரத்தில் கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுபோகிறார்.' பைலட் வேலைக்கு வந்துட்டு மூஞ்சியப் பொத்திக்கிறேனாம்."

அவள் சிரிக்கவில்லை. பேனா மட்டும் சுழன்றது.

"அப்பாவக் கொன்ன காத்து," என்றான் கடைசியில். "ஒரு தடவையாவது அதுல மூஞ்சியப் பொத்தாம உக்காந்துட்டு வரணும். அவ்வளவுதான்."

பயிற்றுநர் வந்துசேர்ந்தார். ஓய்வுபெற்ற விமானி, பருத்த உடம்பு, எதற்கும் அவசரப்படாதவர். கேப்டனின் இடது இருக்கைக்கு வரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்றும், பயிற்சிதானே, அந்த இருக்கை காலியாகவே இருக்கட்டும், தான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"சார், போன வாரம் நீங்க ஒம்போதுல உக்காந்தீங்கல்ல. எப்படி இருந்துது?"

"வலது சீட்ல உக்காந்தேன். பெல்ட்டு நல்லாத்தான் போட்டிருந்தேன். பாருங்க." இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் ஏற்றினார். வெளிப்பக்கத்தில் பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்த நான்கு நீலக் கறைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. "எங்க இடிச்சேன்னே தெரியல. வயசாயிடுச்சு, தொட்டாலே கன்னிப்போகுது."

அவர் கையைத் திருப்பியபோது உள்பக்கத்தில் ஐந்தாவது கறை இருந்தது. மற்ற நான்கைவிட அகலமாக.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பி ஏற்கெனவே பெட்டிக்குப் போகும் நடைபாலத்தில் பாதி போயிருந்தான்.

*

பாலம் மேலே மடங்கியது. ஆறு கால்களும் பெருமூச்சு விட்டபடி நிமிர, பெட்டி தரையை விட்டு எழுந்து காற்றில் நின்றது. கண்காணிப்புக் கேமராவின் சாம்பல் நிறப் படத்தில் வலது இருக்கையில் தம்பி, பின்னால் பயிற்றுநர், இடதுபுறம் காலி இருக்கை, அதன் இருபக்கமும் மாட்டப்படாத தோள் பெல்ட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. வெளியே மதியம் மூன்றேகால். பெட்டிக்குள் ராத்திரி, முன்கண்ணாடியில் மழை சாய்வாக ஓடியது, கருவிகளின் பச்சை வெளிச்சம் தம்பியின் தாடையை மட்டும் தொட்டது.

அவள் ஒன்பதை ஏற்றினாள். ஓட்டத்தைத் தொடங்கினாள்.

முதல் நிமிடம் அது ஒரு சாதாரணக் காற்று. சிவப்பு மெல்ல அலைந்தது, நீலம் அதைச் சமன்செய்தது, கூடத்தில் கால்கள் ஒரு பெரிய விலங்கு தூக்கத்தில் புரள்வது போல ஏறி இறங்கின, எண்ணெயின் சூடான வாசனை கண்ணாடி இடுக்கு வழியாகக் கசிந்து வந்தது, ஒலிபெருக்கியில் மழையின் இரைச்சலுக்கு நடுவே தம்பி உயரத்தையும் வேகத்தையும் வாசித்துக்கொண்டிருந்தான், குரலில் நடுக்கம் இல்லை.

"நல்லா பிடிக்குது மேடம் உங்க ஆட்டோபைலட்டு," என்றார் பயிற்றுநர். "கையே வைக்க வேண்டாம் போல."

பிறகு முதல் வீச்சு வந்தது.

கால்கள் ஒருசேர வலப்பக்கம் எகிற, கூடத்தின் தரை அதிர்ந்து அவள் மேசையில் பேனா உருண்டது. நீலம் அதற்கு முன்பே எழும்பியிருந்தது. எட்டு பிரேம். விமானம் நிமிர்ந்தது. எல்லாம் அடங்கியது. சிவப்புக் கோடு தட்டையாக, மூச்சை அடக்கியது போல நீண்டது. நான்கு நொடி. ஐந்து. பிறகு அடுத்தடுத்து இரண்டு.

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

ஒன்று. நீண்ட அமைதி. இரண்டு.

சின்ன வயதில் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் எண்ணிய கணக்கு அது. அப்பா முதலில் ஒன்று வைப்பார். பிறகு நிறுத்தி, தாழ்ந்த குரலில் ஏதாவது கேட்பார். தம்பி பதில் சொல்வான், அல்லது சொல்லமாட்டான். பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. அந்த அமைதியில்தான் தம்பி கையைத் தூக்குவான், அடி கிளம்பும் முன்பே, முகத்துக்குக் குறுக்கே. கை குறுக்கே வந்தால் அப்பாவுக்கு இன்னும் ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் அது நீண்டுகொண்டே போகும்.

அவள் கழித்த கணக்கு நினைவுக்கு வந்தது. விமானிகளின் கைகள் அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டது. விபத்து அறிக்கையின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், துணை விமானியைப் பற்றி இருந்த ஒரு வரியும் வந்தது. வயது இருபத்து நான்கு. இடது முன்கை எலும்பு மூன்று இடங்களில் முறிந்திருந்தது, மோதியதில் ஏற்பட்டிருக்கலாம்.

காற்றை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். ஒன்பதாம் கோப்பு மூடப்பட்டது என்று திரை சொன்னது.

சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நிறுத்துங்க. கீழ இறக்குங்க."

"இறக்கத்தான் பாக்கறேன்." பயிற்றுநரின் குரலில் இப்போது வேறு ஏதோ இருந்தது. "என் பக்கத்துப் பொத்தான் எதுவும் வேலை செய்யல. மேடம், இடது சீட்டை..."

அவள் கேமராவைப் பார்த்தாள்.

காலி இருக்கையின் தோள் பெல்ட்டுகள் தொங்கவில்லை. பெட்டி அந்த ஆட்டம் ஆடுகிறது, அவை ஊசலாட வேண்டும். இரண்டும் விறைப்பாக முன்னோக்கி இழுபட்டு, ஒன்றுமில்லாத ஒரு மார்பைச் சுற்றி வளைந்து நின்றன. இருக்கையின் மெத்தை அமுங்கியிருந்தது.

"யார்றா சொன்னா உனக்கு?" என்றது ஒலிபெருக்கி.

தாழ்ந்த குரல். மழை இரைச்சலுக்குள்ளிருந்து. அவள் மறந்துவிட்டதாக நினைத்திருந்த குரல்.

தம்பி பதில் சொல்லவில்லை.

இரண்டு வீச்சு. பெட்டி வலப்பக்கம் சாய்ந்து, மூன்றாம் காலிலிருந்து எண்ணெய் பீறிட்டுக் கண்ணாடித் தடுப்பில் அடித்து வழிந்தது. எண்ணெய்க்குப் பின்னால் பெட்டி ஒரு வெள்ளை நிழலாக எகிறி எகிறி விழுந்தது. நீலக் கோடு ஒவ்வொரு முறையும் முன்னால் போய் எழும்பியது. பத்து பிரேம். பன்னிரண்டு. அது எழும்ப எழும்ப, சிவப்பு இன்னும் உயரமாக வந்தது. ஆறு மாதமாக அந்த ஆட்டோபைலட் என்ன கற்றுக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கையைத் தூக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

தூக்குவதால்தான் அடிக்கிறார். தூக்குவதால்தான்.

மைக்கை இழுத்தாள். "தம்பி. கேக்குதா? ஆட்டோபைலட்டை எடு."

"அக்கா..." அவன் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. "அது எனக்குக் குறுக்க நிக்குதுக்கா. அது இல்லேன்னா..."

"அது குறுக்க நிக்கறதாலதான்டா கோவம். எடுத்துடு. ரெண்டு கையையும் மடியில வை. கையத் தூக்காத. தூக்கலேன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இதே வார்த்தைகள். வரிசைகூட மாறவில்லை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. குப்புறப் படுத்திருந்த தம்பியின் முதுகில் தைலம் தடவிக்கொண்டே சொன்னாள்.

"சரிக்கா," என்றான் தம்பி.

நீலக் கோடு விழுந்தது.

சிவப்பும் நின்றது. மழை மட்டும். நான்கு நொடி. ஐந்து. ஆறு. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். முடிந்துவிட்டது.

ஒன்று.

பெட்டி பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டது. இரண்டாம் கால் முறிந்தது. உலோகம் கிழிபடும் சத்தம். கேமரா படம் நடுங்கியது. தம்பியின் தலை ஜன்னலில் மோதியது, திரும்பி வந்தது, மோதியது. பயிற்றுநர் கத்தினார். வார்த்தை இல்லை. வெறும் கத்தல். ஆயில் அண்ணன் கூடத்துக்குள் ஓடிவருவது தெரிந்தது. எண்ணெயில் வழுக்கினார். முழங்காலில் எழுந்தார். சுவரிலிருந்த சிவப்புப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார்.

மின்சாரம் போனது.

திரை அணைந்தது. கோடுகள் இல்லை. காற்று இல்லை. ஐந்து கால்களிலிருந்தும் எண்ணெய் இறங்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தபடி, மெல்ல, மிக மெல்லக் கீழே வந்து தாங்கு கட்டைகள் மேல் உட்கார்ந்தது. அசைவில்லை. கூடம் முழுக்க ஒரே அமைதி. எண்ணெய் சொட்டும் சத்தம்.

"போச்சு மேடம், எல்லாம் போச்சு, கரெண்ட்ட கட் பண்ணிட்டேன்," என்றார் ஆயில் அண்ணன். மூச்சு வாங்கியது. "இனிமே அது அசையாது. ஒரு இன்ச்சு அசையாது. வாங்க."

பாலத்தைக் கையால் சுற்றி இறக்கினார். அவள் ஓடினாள். பாதம் வழுக்கியது. கதவின் பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

ஒன்று.

அவள் பிடியைத் திருப்பினாள். திரும்பவில்லை. அண்ணனும் சேர்ந்து திருப்பினார். உள்ளே அமைதி. நீண்ட அமைதி. கதவு திறந்தது.

அவசர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடிகள் கறுப்பாக இருந்தன. மழை இல்லை, வானம் இல்லை. பயிற்றுநர் தன் இருக்கையில் சுருண்டு, கண்களை இறுக மூடியிருந்தார். அவர் பக்கத்துக் குழியில் காகிதக் குவளை, அதில் சிந்தியது போக மீதிக் காபி. காபியின் மேற்பரப்பு கண்ணாடி போல இருந்தது. ஒரு வளையம்கூட இல்லை.

தம்பியின் பெல்ட் அறுந்திருந்தது. அவன் இருக்கையில் இல்லை. இருக்கைக்கு மேலே இருந்தான், முதுகு கூரையில் ஒட்டி, கால்கள் எதையும் தொடாமல். ஏதோ ஒன்று அவன் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது போல வெள்ளைத் துணி முன்னால் திரண்டு நின்றது. முகத்தின் இடப்பக்கம் முகமாக இல்லை. மற்ற கண் திறந்திருந்தது. அது அவளைப் பார்த்தது.

"தம்பி," என்றாள்.

அவன் கூரையிலிருந்து இழுக்கப்பட்டு வலது ஜன்னலில் அடிக்கப்பட்டான். மீண்டும் இழுக்கப்பட்டான். மீண்டும். பெட்டி அசையவில்லை. காபி அசையவில்லை. அவன் மட்டும் பறந்துகொண்டிருந்தான்.

அவன் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. விரல்களை விரல்களுக்குள் கோத்து, நகங்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தான். தூக்கவே இல்லை.